தூக்கிவிடும் சுரப்பு

—ஊசி போட்டாச்சு. கஞ்சி எங்கன்னு கேக்க மாட்டீங்களா?

—நீ குடுத்தா குடிப்பேன் ஹில்டா.

—இன்னிக்குக் கஞ்சி இல்லை. சக்கரை டப்பாவும் அலமாரியில பூட்டியிருக்கு. எட்டே முக்கா வண்டியில நான் கூடுவாஞ்சேரி ஸ்கூலுக்குப் போயிடுவேன்.

—சரிம்மா.

—டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா? குடிச்சுக் குடிச்சே கணையம் வெந்துபோச்சு. சக்கரையை இறக்குற இன்சுலின் அதுல சுரக்கிறதில்லை, அதான் ஊசி. சக்கரை ரொம்ப இறங்கினா தூக்கிவிடுற சுரப்பும் அதே கணையத்துலதான். அதுவும் போச்சு. ஈரல்லயும் சேமிப்பு இல்லை. விழுந்தா விழுந்ததுதான்.

—நானும் பக்கத்துலதானேம்மா உக்காந்திருந்தேன்.

—வேர்த்துக் கொட்டும். நாக்கு குழறும். பார்சல் ஆபீஸ் வேதசிரோமணி காலையிலேயே சாராயக்கடைக்குப் போயிட்டு வந்துட்டார்னு காலனியே நினைக்கும். பக்கத்து வீட்டு சாம்பசிவன் சார்கூட கதவைத் தட்ட மாட்டார், ஒருத்தரும் தட்ட மாட்டாங்க.

—மாட்டாங்கதான்.

—அறுபத்தேழாம் வருஷம் எனக்கும் யாரும் கதவைத் தட்டலை. கடையே இல்லாத காலத்துலயும் அனகாபுத்தூர் ஆத்தங்கரைக்கு சைக்கிள் மிதிச்சுப் போய்க் குடிச்சீங்க. வந்து, ஆறு மாசத்து வயித்துல உதைச்சீங்க. பையன் மூச்சில்லாம பொறந்தான். சர்ச்சுல என்ன சொன்னீங்க?

—அவ கிணத்தடியில வழுக்கி விழுந்துட்டான்னு சொன்னேன்.

—அஞ்சு வருஷமா நான் வழுக்கி விழுந்தவளாவே இருக்கேன்.

—நீ ஒரு வார்த்தை திட்டினதில்லையேம்மா.

—காத்துக்கிட்டிருந்தேன். இப்ப பயமா இருக்கா?

—இல்லை.

—பொய். உங்க நெத்தியெல்லாம் வேர்த்திருக்கு. இதை ஒரு தடவை பார்க்கணும்னுதான் நினைச்சேன், பார்த்துட்டேன். கஞ்சி அடுப்புல இருக்கு. எடுத்துட்டு வரேன்.

—வேண்டாம். கஞ்சி பத்தாது.

—ஏன்?

—நீ பால் வாங்கப் போனப்பவே நானே ஒரு ஊசி போட்டுக்கிட்டேன். தினமும் நீ ஊசியை எடுக்கிறப்ப உன் முகத்தைப் பார்க்கிறேன் ஹில்டா. ரெண்டாவது ஊசி உன் கையாலயே இருக்கட்டும்னு... நாக்கு குழறுது.

—ஐயோ. அலமாரி சாவி எங்க... திறந்தாச்சு. இந்தாங்க, சக்கரை. வாயைத் திறங்க. சாம்பசிவன் சார், ஓடி வாங்க, டாக்டரைக் கூட்டியாங்க. கண்ணை மூடாதீங்க. முழுங்குங்க. முழுங்குங்கன்னு சொல்றேன்ல, உங்களை நான் இன்னும் மன்னிக்கலை.