நான்காம் கேள்வியில் கிழவர்

“ஹலோ... ஆமா சார், நான்தான். திருத்தாம நிறுத்தி வச்சது நான்தான்... இல்ல சார், உடம்புக்கு ஒண்ணுமில்ல. நாலாவது கேள்விதான் எனக்கு ஒத்துக்கல.”

விடைத்தாள் திருத்தும் மையத்தின் வராந்தாவில், குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றபடி ஆங்கில ஆசிரியை பேசினாள். கையில் ஒரே ஒரு விடைத்தாள். உள்ளே மற்றவர்கள் குனிந்த தலை நிமிராமல் சிவப்பு மையால் கிழித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மறுமுனையில் இருந்தவர் தலைமைத் தேர்வாளர். விடைக்குறிப்பைத் தயாரித்தவரும் அவரே. ஒரு காலத்தில் இருவரும் ஒரே பள்ளியில் அடுத்தடுத்த வகுப்பில் பாடம் நடத்தியவர்கள்.

விவகாரம் இதுதான். படித்துப் பதிலெழுதச் சொல்லித் தேர்வில் ஓர் ஆங்கிலப் பத்தி கொடுத்திருந்தார்கள். தனியாக வாழும் ஒரு கிழவர். வாசலில் எடுக்கப்படாத செய்தித்தாள்கள் குவிந்து கிடக்கின்றன. பட்டப்பகலில் உள்ளே விளக்கு எரிகிறது. பார்சல் கொண்டுவந்த தபால்காரர் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறார். கிழவர் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். மடியில் காபிக் கோப்பை கவிழ்ந்து கிடக்கிறது. தூங்குகிறார் போலும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு தபால்காரர் போய்விடுகிறார்.

கிழவர் ஏன் கதவைத் திறக்கவில்லை என்பது நான்காம் கேள்வி. தூங்கிக்கொண்டிருந்தார் என்றது விடைக்குறிப்பு. இறந்துவிட்டார் என்று எழுதிய பிள்ளைகளுக்கு சைபர்.

“ஆமா... ஆமா சார், பாஸேஜ்ல அந்த வார்த்தை இருக்கு, யார் இல்லன்னா? அது தபால்காரர் நெனச்சது... ம்... ம்... இருங்க, நான் முடிச்சிடறேன். மடியில காபி கொட்டியும் கலையாத தூக்கம் என்ன தூக்கம் சார்?”

அவர் பேசிக்கொண்டே போனார். அவளுக்கு அந்தப் பேச்சு மனப்பாடம். கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடு, அகப்பட்ட வரியை அப்படியே எடுத்து எழுது, மார்க் உன் பைக்குள். டியூஷனுக்கு டியூஷன் இதைத்தான் வாசிப்பு என்று சொல்லிக்கொடுத்தார்கள். குப்பையைக் கிளறும் கோழிகூட இதைவிடக் கவனமாகப் பார்க்கும் என்று அவள் பலமுறை நினைத்ததுண்டு.

“சார்... சார், ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. நீங்க அந்த பாஸேஜை முழுசாப் படிச்சீங்களா?... கேள்வியைக் கேக்கல சார். பாஸேஜை... ஓ. நேரமில்ல.”

தப்பாகப் புரிந்துகொண்டவரோடு வாதாடலாம் என்றுதான் அவள் இத்தனை நேரம் நின்றிருந்தாள். மனிதர் படிக்கவே இல்லை.

“இப்பப் படிங்க... பரவால்ல, நான் லைன்லயே இருக்கேன்.”

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெருமூச்சு.

“ஆமா... ஆமா, செத்துட்டார். அதைத்தான் காலையிலேருந்து சொல்றேன்... அப்ப விடைக்குறிப்பை மாத்திடலாம்ல?... எல்லா மையத்துக்கும் போயிடுச்சா? போனா என்ன?... இருங்க, இருங்க. நமக்கு அசிங்கம்னு செத்தவரைத் தூங்க வைக்கச் சொல்றீங்களா?”

உள்ளே இரண்டு தலைகள் நிமிர்ந்தன. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“என் கையில ஒரு பேப்பர் இருக்கு சார். யாரு பெத்த புள்ளையோ, நம்பர் மட்டும்தான் தெரியுது. இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வருது, ‘டெட்’டுக்கு ஸ்பெல்லிங்கூட தப்பு. ஆனா என்ன எழுதியிருக்குன்னு கேளுங்க. ‘அவர் செத்துட்டார். இனிமே எந்தக் கதவையும் திறக்க மாட்டார். தபால்காரராவது திறந்து பாத்திருக்கலாம்.’ கேட்டீங்களா?... இதுக்கு சைபர் போட்டா ரெண்டு மார்க்ல ஃபெயில்... என்னது?... ஸ்பெல்லிங்குக்கு எவ்வளவு குறைக்கிறதா?”

கேட்ட காதைத் துடைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது அவளுக்கு. ஃபோனை மறு காதுக்கு மாற்றினாள்.

“என்னை மாத்திடுவீங்களா? தாராளமா. என் பேப்பர்க் கட்டை வேற ஆள்கிட்ட குடுங்க, நான் வீட்டுக்குப் போறேன். ஆனா இந்தப் பேப்பருக்கு மட்டும் நீங்க வந்து உங்க கையால சைபர் போட்டு, கீழ கையெழுத்தும் போடுங்க... மிரட்டல சார். படிச்சிட்டுப் போடுங்கன்னுதான் சொல்றேன்... ம்... ம்... திரும்பச் சொல்லுங்க... ரெண்டுமே சரியா? தூங்கினாலும் ரெண்டு மார்க், செத்தாலும் ரெண்டு மார்க்?”

சிரிப்பு வந்தது. முடியாது என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் விடைக்குறிப்பு பழையபடியே நிற்கும். கையில் இருக்கும் பிள்ளை தோற்கும். வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

“சரி... சரி சார். ஆனா எல்லா மையத்துக்கும் இப்பவே அனுப்பணும்... வாய்ல சொன்னாப் போதாது, எழுத்துல... எனக்கு எதுக்கு நன்றி? நான் உங்களைப் பாராட்டவா செஞ்சேன்? சார், அடுத்த வருஷமாவது படிச்சிட்டு... ஹலோ... ஹலோ?”

வைத்துவிட்டார்.

மதிய இடைவேளைக்குள் உத்தரவு வந்துவிட்டது. அவள் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, கையிலிருந்த தாளில் நான்காம் கேள்விக்கு இரண்டு போட்டாள். கூட்டிப் பார்த்தாள், பிள்ளை தேறிவிட்டது. அடுத்த தாளை எடுத்தாள். அதில் கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு அதற்கும் இரண்டு போட்டாள்.