டிரம் மெஷின் எத்தனை கிலோ?

அம்பத்தூரில் மின்ரயில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த இளைஞர் ஒருவரின் மடியில், வீட்டில் இசையமைப்போர் தாளத்துக்கு வைத்துக்கொள்ளும் சிறிய மின்கருவி ஒன்று இருந்தது. கைப்பேசியின் ஒலிபெருக்கியில் அவர் மனைவியின் குரல் உரக்கக் கேட்டது.

“பிளம்பர் வந்து பைப்பு மாட்டிகினு கீறாரு. மெஷின் எத்தினி கிலோ?”

“அரை கிலோ இருக்கும்.”

“அரை கிலோவா? ஒரு கர்ச்சீப்புகூட தொவைக்க முடியாதேய்யா!”

“தொவைக்கிறதா? மாலா, இது தாளம் போடுற மெஷினு.”

பெட்டியே சிரித்தது.

“பழைய டிரம் மெஷின் வாங்கியாரேன்னு நீதானய்யா சொன்னே? வாஷிங் மெஷின் வருதுன்னு தெரு பூரா சொல்லிட்டேன். வித்தவன் கைலயே குட்த்துட்டு வா.”

“தாளம் இல்லாமத்தான் என் பாட்டு பாதில நிக்குது. ஒரு தபா கேளு, புடிக்கலேன்னா குட்த்துடறேன்.”

அவர் பொத்தானை அழுத்திக் கைப்பேசியை அருகில் வைத்தார். எதிரே நின்ற பெண்களின் தோள்கள் அசையத் தொடங்கின. ஆவடியில் இறங்க வேண்டிய நான் இறங்கவில்லை. என் வீட்டில் இப்போது அவசரம் என்று எதுவும் இல்லை.

அவர் தயங்கித் தாளத்தை நிறுத்தி, “புடிச்சிருக்கா?” என்றார்.

“ஏன்யா நிறுத்துனே? பிளம்பரு ஸ்பானரோட ஆடிகினு கீறாரு. அந்த மெஷின அப்டியே ஊட்டுக்கு இட்டாந்துடு!”