பத்தாம் நம்பர் கவுன்

அதான் சொல்றேனே மாப்ள, அஞ்சு நாள் பட்டினி போட்டா அந்தக் கவுன் ஜிப்பு ஏறிருமாக்கும்? மூணு மாசமா நான் பாத்துப் பாத்து ஊட்டின பொண்ணோட ஒடம்பு அது. அஞ்சு நாள்ல எறங்கறதுக்கு அது என்ன காய்ச்சலா? மொதல்ல உக்காருங்க. பெட்டிய அப்படி ஓரமா வைங்க. ஏர்போர்ட்லேருந்து நேரா இங்கதான் வர்றீங்கன்னு கசங்கின சட்டையப் பாத்தாலே தெரியுது. தண்ணி குடிக்கிறீங்களா? வேண்டாமா, சரி. அந்தத் திரைச்சீலைப் பக்கம் எட்டிப் பாக்கற வேலை மட்டும் வச்சுக்காதீங்க. கல்யாணத்துக்கு முன்னாடி சதை போட ஊட்டற வீட்டுக்குள்ள பொண்ணு இருக்கிற வரைக்கும் மாப்ள அவ மூஞ்சியப் பாக்கக் கூடாது. நம்ம கலாபார் ஊருல பொறந்தவருக்கு இத நான் சொல்லித் தரணுமா? சீமையில அந்த அபர்டீன் குளிருக்கு எல்லாம் மறந்து போச்சு போல.

கத்தாதீங்க. உங்கம்மா நேத்து வந்து உங்க பங்கையும் சேத்துக் கத்திட்டுத்தான் போனாங்க. கூடவே ஒரு டெய்லரம்மா. கவுன மாட்டிப் பாக்கணுமாம். மாட்டினோம். டெய்லரம்மா இந்தப் பக்கம் இழுக்கறா, உங்கம்மா அந்தப் பக்கம் இழுக்கறாங்க, நான் நடுவுல நின்னுக்கிட்டு மூச்ச அடக்குடி அதிம், அடக்குடின்னு. ஜிப்பு பாதி முதுகு வரைக்கும் வந்துச்சு. அப்புறம் வரமாட்டேன்னு நின்னுருச்சு. அதுக்கு இருக்கிற புத்தி நமக்கு இல்ல. உங்கம்மா என்னப் பாத்து, அடி இக்வோ, எம் மருமகள என்னடி பண்ணி வச்சிருக்கேன்னாங்க. நான் என்ன பண்ணேன்? சொன்னதப் பண்ணேன்.

நீங்க இருக்கிற இதே நாற்காலிதான். மூணு மாசத்துக்கு முன்னாடி உங்கம்மா இதுல உக்காந்துதான் சொன்னாங்க. வெள்ளிக்கிழம நம்ம முறைப்படி கல்யாணம், எங்க ஆர்ச்சிபாங் வீட்டுச் சொந்தம் மொத்தமும் வரும், மருமக ஈர்க்குச்சியா வந்து நின்னா மானம் போயிரும், கழுத்துல மூணு மடிப்பு விழணும், நடந்தா தரை சொல்லணும்னாங்க. சரிம்மான்னேன். இப்பல்லாம் பொண்ணுங்க மூணு நாள் வந்து, எண்ணெயத் தடவி போட்டோ எடுத்துக்கிட்டு ஓடிருவாங்க. அதெல்லாம் ஆகாது, பழைய கணக்குப்படி மூணு மாசம்னாங்க. அதுக்கும் சரின்னேன். பதினைஞ்சு நாள் போச்சு, நீங்க அனுப்பின பார்சல் வருது. வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழம சர்ச்சுக்குப் போட வெள்ளைக் கவுன். பத்தாம் நம்பர்.

நல்லா யோசிச்சுப் பாருங்க. வெள்ளிக்கிழம கழுத்துல மூணு மடிப்பு, சனிக்கிழம இடுப்பு பத்தாம் நம்பர். நடுவுல இருக்கிறது ஒரே ஒரு ராத்திரி. இத்தன சதையையும் அந்த ராத்திரியில எங்க கழட்டி வைக்கச் சொல்றீங்க, பீரோவுலயா?

சிரிக்காதீங்க. இல்ல, சிரிங்க, பரவால்ல. இன்னும் கொஞ்ச நேரந்தான சிரிக்கப் போறீங்க.

ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன். அந்தப் பத்துங்கறதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல மாப்ள. பத்துன்னா என்ன பத்து? பத்து கிலோவா, பத்து முழமா, பத்து புள்ள பெத்தவளா? சந்தையில பழைய துணி மூட்டை பிரிக்கிறாங்கல்ல, நானும் போவேன். சின்ன சைசுன்னு எழுதின ஒரு பாவாடைக்குள்ள நானும் என் தங்கச்சியும் சேந்து நொழையலாம். ரொம்பப் பெரிய சைசுன்னு எழுதின ஒண்ணு என் முழங்கை தாண்டல. எழுதினவன் எவளப் பாத்து எழுதினானோ. எங்களுக்கு அளவு கண்ணுலதான். வாசல்ல ஒருத்தி வந்து நின்னாலே இவளுக்கு எத்தன கெஜம்னு சொல்லிருவேன். ஆனா ஒருத்திக்கும் அத ஒரு நம்பராக்கி கழுத்துக்குப் பின்னாடி தச்சு விட்டதில்ல. சந்தையில மாட்டுக்குத்தான் அப்படி நம்பர் போடுவாங்க.

நான் கொமரியா இருக்கிறப்ப ஒல்லி. நம்ப மாட்டீங்க. எங்கம்மாகிட்ட வந்து, ஒம்பொண்ணு வயித்துல பூச்சி இருக்கா, புருசன் வீட்டுக்கு அனுப்பினா திருப்பி அனுப்பிருவாங்களேன்னு கேப்பாங்க. அழுதிருக்கேன் மாப்ள. தண்ணி எடுக்கப் போறப்ப ரெண்டு பாவாடை உள்ள கட்டிக்கிட்டுப் போவேன். அப்புறந்தான் இந்த ஒடம்பு வந்துச்சு. இப்ப ஆரம்ப சுகாதார நெலையத்துல ஒரு நர்ஸ், செவத்துல கலர் கலரா ஒரு அட்டை மாட்டி வச்சிருக்கா. நான் எடை மெஷின்ல ஏறினா, அம்மா நீங்க செவப்புலல்ல இருக்கீங்க, சாப்பாட்டக் கொறைங்கங்கறா. போன மாசம் அதே நர்ஸ் அவ தங்கச்சியக் கூட்டிக்கிட்டு இங்க வந்தா. கல்யாணமாம், கொஞ்சம் பூசின மாதிரி ஆக்கி விடுங்க அத்தேன்னா. பச்சையிலயே நிறுத்தட்டுமா, செவப்பு வரைக்கும் கொண்டு போகட்டுமான்னு கேட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டா.

லாகோஸ்ல இருக்கே எம்பொண்ணு, அது வாரா வாரம் வெள்ளரிக்காயோட போட்டோ அனுப்புது. அம்மா, இதான் என் ராச்சாப்பாடாம். அதுக்குப் பக்கத்துல அவ புருசனோட தட்டும் தெரியுது. அதுல முழுக் கோழி. ஆம்பளைங்க கண்ணு இருக்கே, அத சொல்லணும். பொம்பள ஒல்லியா இருந்தா நோயாளி, குண்டா இருந்தா சோம்பேறி, ரெண்டும் இல்லாம சரியா இருந்தா அவ அடுத்தவன் பொண்டாட்டி.

சரி சரி, விஷயத்துக்கு வர்றேன். உங்களுக்கு அவசரம். உங்கம்மா வேற தீர்மானமா சொல்லிட்டாங்க. எம் புள்ள எஃபியோம் அவ அளவுக்குன்னே சீமையில தச்சு அனுப்பின கவுனுன்னு சர்ச்சு பூரா சொல்லி வச்சிருக்கேன், அதப் போட்டாத்தான் சனிக்கிழம கல்யாணம், இல்லேன்னா வெள்ளி, சனி ரெண்டையும் தள்ளிப் போடுங்கறாங்க. வேற கவுன் வாங்கலாம்னா கேக்கல. டெய்லரம்மா ஒரு வழி சொன்னா. தையலப் பிரிச்சு விட்டுப் பாக்கலாமேன்னா. உங்கம்மா உடனே உங்களுக்குப் போன் போட்டாங்க. நீங்க ஏரோப்ளேன் ஏறப் போற நேரம். யாரும் தையல்ல கை வைக்கக் கூடாதுன்னு நீங்க போன்ல போட்ட சத்தம் எனக்கு இங்க வரைக்கும் கேட்டுது. ஏன் மாப்ள? துணி ஒசத்தி, பிரிச்சாக் கெட்டுப் போயிருமா? ஓ. அப்படியா. இருக்கும்.

அதிமப் பத்திச் சொல்றேன் கேளுங்க. வந்த புதுசுல அவ திங்கவே இல்ல. காலையில மரவள்ளி மாவுல கிண்டின கர்ரிக் களி, அஃபாங் கீரைக் கொழம்பு வைப்பேன். மதியானம் சேப்பங்கிழங்கத் துருவி, எலையில சுருட்டி, நத்தையும் பாமாயிலும் போட்டு வேக வைப்பேன். அந்த வாசனைக்கே தெரு நின்னு பாக்கும். இவ ரெண்டு வாய் தின்னுட்டு மிச்சத்த ஜன்னல் வழியா பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டுருவா. பதினைஞ்சு நாள்ல ஒரு சுத்து பெருத்தது அந்த நாய்தான். நானும் கண்டுக்கல. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு. வாயத் தொறந்து திணிக்கிறதுக்கு இவ என்ன வாத்தா?

அப்புறம் உங்க பார்சல் வந்துச்சு. என்ன சந்தோஷங்கிறீங்க. மாட்டிக்கிட்டு இந்த அறைக்குள்ள சுத்தி சுத்தி வந்தா. எம் மேல உயிரையே வச்சிருக்காரு அத்தே, அளவெடுக்காமலே அளவாத் தச்சிருக்காரு பாருங்கன்னா. நெசமாவே அளவாத்தான் இருந்துச்சு. மத்தியானம் நான் குளிக்கப் போனேன். வந்து பாக்கறேன், கவுன உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிப் போட்டுக்கிட்டு கட்டில்ல உக்காந்திருக்கா. மறுநாள் காலையில என்னக் கூப்புட்டா. அத்தே, ஊட்டுன்னா.

ஊட்டினேன். அப்படித் தின்ன பொண்ண நான் பாத்ததில்ல மாப்ள. இருபது வருசமா எத்தனையோ பேர் இங்க வந்துட்டாங்க. அழுதுக்கிட்டே தின்னவ உண்டு, தூங்கிக்கிட்டே தின்னவ உண்டு. கோவத்துல தின்னவ இவ ஒருத்திதான். வயிறு வலிக்குதும்பா, அடுத்த கவளத்துக்கு வாயத் தொறப்பா. ஞாயித்துக்கிழமையானா இஞ்சு டேப்ப எடுத்து இடுப்ப அவளே அளந்து, கரியால செவத்துல எழுதி வைப்பா. பொம்பளைங்க டேப்பக் கண்டா ஓடுவாங்க, இவ டேப்பத் தேடி வர்றா. ஒரு நாள் கவளத்த உருட்டிக்கிட்டே என் கண்ணுல தண்ணி வந்துருச்சு. போதும்டின்னேன். இன்னும் ரெண்டு இஞ்சு இருக்கு அத்தேன்னா.

எதுக்கு ரெண்டு இஞ்சுன்னு கேக்க மாட்டீங்களா? கேக்க மாட்டீங்க. அப்ப நானே சொல்றேன்.

அந்தக் கவுன்ல அடியில அடுக்கடுக்கா வலைத்துணி இருக்குல்ல, அந்த மடிப்புல அரிசி இருந்துச்சு. பச்சரிசி. எண்ணி ஏழு அரிசி. என் கையிலதான் கொட்டிக் காமிச்சா. நாங்க பொண்ணு நெத்தியில பண நோட்டு ஒட்டுவோம், தலைக்கு மேல நோட்ட வாரி எறைப்போம். அரிசிய யாரு போடறாங்க? உங்க சீமையில போடுவாங்களாமே. பொண்ணும் மாப்ளயும் சர்ச்ச விட்டு வெளிய வர்றப்ப போடுவாங்கன்னு அதிம்தான் சொன்னா.

பழைய கவுனா வாங்கினீங்க? அட, அத அப்பவே சொல்லியிருக்கலாமே. பழசு போடறது ஒண்ணும் கேவலமில்ல, நான் மேல போட்டிருக்கிறதே பழைய மூட்டையில எடுத்ததுதான். அப்ப ஏன் உங்கம்மாகிட்ட அவ அளவுக்குன்னே தச்சதுன்னு சொன்னீங்க? சரி, அதையும் விடுங்க. உள்பக்கம் இடுப்புத் தையல்ல ஒரு துண்டுத் துணி வச்சு ஊக்கு குத்தியிருந்துச்சு. சலவைக்குப் போடறப்ப பேரு எழுதிக் குத்துவாங்களே, அது. இடுப்பப் பிடிச்சுச் சின்னதாக்கித் தச்சவன் அதோட ஓரத்தையும் சேத்துத் தச்சுட்டான். எனக்குப் படிக்க வராது. அதிம் படிச்சுக் காமிச்சா. திருமதி எஃபியோம் ஆர்ச்சிபாங். கல்யாண கவுன் ஒண்ணு. சைசு பதினாலு. போன வருசம் ஆகஸ்டு மாசத் தேதி.

ஒக்காரு எஃபியோம். எந்திரிக்காத. இன்னும் முடியல.

அந்த ஆகஸ்டுதான் நீ லீவு கெடைக்கலன்னு போன் பண்ணுன மாசம். இங்க இவ அப்பன் ஸ்கூல் கிளார்க்கு, உங்க வீட்டு ஆளுங்க பரிசமாக் கொண்டு வந்த சாராய பாட்டிலையும் துணியையும் வாங்கி வச்சுக்கிட்டு, தெரு பூரா மாப்ள மாப்ளன்னு பெருமையாத் திரிஞ்ச மாசம். அந்த மனுசன்கிட்ட போய் வேண்டாம்ப்பான்னு சொல்ல இவளுக்கு வாய் வரல. சொன்னாலும் நம்ப மாட்டாரு. ஆர்ச்சிபாங் வீட்டுப் பையன் பொய் சொல்லுவானான்னு இவளத்தான் அடிப்பாரு. அந்தத் துண்டுத் துணியக் காமிச்சா, உங்கம்மா அது எங்க வீட்டுல வேற யாரோன்னு சொல்லிருவாங்க.

அதான், கவுன் ஏறலேன்னா கல்யாணம் நிக்கும்னு கணக்குப் போட்டா. பதினாலு இருந்த கவுனப் பிடிச்சுத் தச்சு பத்தாக்கியிருக்க. யாராவது பிரிச்சு விட்டாலும் பதினாலு வரைக்குந்தான் வரும். உன் மொதப் பொண்டாட்டியத் தாண்டணும்னா பதினாறு ஆகணும். நேத்து டெய்லரம்மா டேப்பு வச்சுப் பாத்தா. பதினாறு சரியா இருக்கு. தையல் மடிப்ப அவளும் கவனிச்சுட்டா, நான்தான் கையக் கிள்ளி பேசாம இருக்க வச்சேன். உங்கம்மா தேதியத் தள்ளிப் போடுங்கன்னு கத்தினப்ப, திரைக்கு உள்ள இந்தப் பொண்ணு தலகாணியில மூஞ்சிய வச்சுக்கிட்டு சிரிச்சா. அந்தத் துண்டுத் துணியப் பாத்ததுக்கு அப்புறம் மொதத் தடவையா சிரிச்சா.

அந்தப் பொம்பள இப்ப எங்க இருக்கா, உசுரோட இருக்காளா, இல்ல இன்னமும் உன் வீட்டுல சமைச்சுக்கிட்டு இருக்காளா, எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். எங்கிட்ட சொல்லாத. என்னப் பாத்து ஏன் கையெடுத்துக் கும்புடற? நான் சோறு போடறவ, அவ்வளவுதான்.

முறையப் பாத்தா வெள்ளிக்கிழம வரைக்கும் நீ அவ மூஞ்சியப் பாக்கக் கூடாது. இருபது வருசத்துல ஒரு தடவ கூட நான் முறைய மீறினதில்ல. இன்னிக்கு மீறறேன், என்ன ஆயிரும்? அதிம், வெளிய வாம்மா. எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான இருந்த. பயப்படாம வா.

எஃபியோம், கொஞ்சம் தள்ளி உக்காரு. அவளுக்கு இப்ப எடம் நெறைய வேணும்.