நடக்கவைக்கும் வேலை

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், மேடம். பரவாயில்லை, சூடாக இருக்கிறது. எனக்கு யாராவது தேநீர் போட்டுக் கொடுத்தே ரொம்ப நாளாகிவிட்டது, போட்டுக் கொடுத்துத்தான் பழக்கம்.

நாற்காலியைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு வருகிறேன். முதலிலேயே அதைச் சொன்னால் உங்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

படுத்த படுக்கையாக இருப்பவர்களை எழுப்பி நடக்கவைப்பது என் வேலை. நான் நர்ஸ் இல்லை. ஏஜென்சிக்காரர் போன் செய்தால் சொன்ன வீட்டுக்குப் போவேன். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ஊட்டிவிடுவது எல்லாம் உண்டுதான். ஆனால் நான் பேர் வாங்கியது நடக்கவைப்பதில். நோயாளியின் இடுப்பில் அகலமான துணிப் பட்டை ஒன்றைக் கட்டி, பின்னால் நின்று அதைப் பிடித்துக்கொள்வேன். நடப்பவருக்கு என் பிடி தெரியவே கூடாது. தானாகத்தான் நடக்கிறோம் என்று அவர் நினைக்க வேண்டும், சாய்ந்தால் மட்டும் என் கை அங்கே இருக்க வேண்டும். இதில் என்னைக் குறை சொன்னவர்கள் கிடையாது.

இந்தப் பிழைப்பில் ஒரு கோளாறு உண்டு. நோயாளி துணையில்லாமல் பாத்ரூம் போய் வந்துவிட்டால் அன்றோடு எனக்கு அந்த வீட்டில் வேலை இல்லை. மனசாரப் பாடுபட்டால் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிடலாம். ஒரு தையற்காரம்மாவை டாக்டரே நம்பாத வேகத்தில் நடக்கவைத்தேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், பெரிய பிஸ்கட் டப்பா ஒன்றைக் கையில் திணித்து அனுப்பினார்கள். அடுத்த வேலை வரும்வரை நானும் என் மகளும் அந்த பிஸ்கட்டைத்தான் வேளைக்கு வேளை தின்றோம். சிரிக்கலாம் மேடம், நாங்களும் சிரித்தோம்.

மகளைச் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவேன். அவள் அப்பாவுக்கு இப்போது வேறு வீடு, வேறு குடும்பம். அந்த ஆளின் பேச்சு இங்கே எதற்கு. போன வருஷம் பள்ளிக்கூடத்தில் வகுப்புப் பிள்ளைகளை மலைமேல் முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு வாரம் அங்கேயே தங்கல். கூடாரம், கயிறு ஏறுவது, ராத்திரி நட்சத்திரம் பார்ப்பது. என்னால் பணம் கட்ட முடியவில்லை. போகாமல் நின்றது இவள் ஒருத்திதான். அந்த வாரம் முழுக்கச் சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் இவளை உட்காரவைத்தார்கள். "நல்லாத்தான்மா இருந்துச்சு, கலர் அடிக்கக் குடுத்தாங்க" என்றாள். பிறகொரு நாள் அவளுடைய தோழி வீட்டுக்கு வந்தாள். "அப்போ உனக்கு அம்மை போட்டிருந்துச்சில்ல?" என்று கேட்டாள். சுண்டெலி என்னைப் பார்க்காமல், "ஆமா, முதுகு பூரா" என்றாள். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பொய் சொன்னாள் என்பதற்காக இல்லை. அவ்வளவு சரளமாக வந்தது, எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாளோ.

இந்த வருஷம் பள்ளி வாசலில் டீச்சரே என்னைப் பிடித்துக்கொண்டார். "தவணையா கட்டலாம்மா. அதுவும் முடியலைன்னா சொல்லுங்க. உதவி நிதி இருக்கு, பிள்ளைக்குக்கூடத் தெரியாது."

"கட்டிடுறேன் டீச்சர்" என்றேன். அவர் நல்லவர்தான். ஆனால் அந்தக் குரலைத் தாழ்த்திப் பேசியது இருக்கிறதே, அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் யார் வாசலிலும் நின்றவள் இல்லை. பட்டினி கிடந்தபோதும் பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை கேட்டதில்லை.

அந்த வாரமே இந்தப் பெரியவர் வீட்டில் வேலை கிடைத்தது. மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர். வேலை பார்த்த காலமெல்லாம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பார்வை ஓயவில்லை. நான் உள்ளே நுழைந்ததும் தலையிலிருந்து கால்வரை பார்த்து, "எங்கேருந்து வர்ற?" என்றார். கேட்டது ஊரைத்தான், ஆனால் கை தானாக நீண்டது. வீட்டில் எல்லாருக்கும் அவர் சந்தேகம் ஒரு வேடிக்கை. பால்காரர் தண்ணீர் ஊற்றுகிறார், கடிகாரக் கடைக்காரர் உள்ளே இருந்த மெஷினை மாற்றிவிட்டார், டாக்டர் வேண்டுமென்றே ஊசி போடுகிறார். மகன் சிரிப்பார், மருமகள் காதில் வாங்கவே மாட்டாள்.

அவர் படுத்திருந்த அறையிலிருந்து பாத்ரூமுக்கு நீளமான நடைவழி. வாரம் ஒருமுறை வரும் பிசியோதெரபி தம்பி அதில் இடைவெளி விட்டு மூன்று நாற்காலி போட்டுவைத்தார். உட்கார இல்லை, பிடித்துக்கொள்ள. நாற்காலியின் முதுகு நடந்து வருபவரைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அதைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்ததற்குப் போக வேண்டும். பெரியவர் ஒவ்வொன்றையும் ஸ்டேஷன் என்பார். முதல் நாற்காலியைத் தொட்ட அன்று, "வண்டி லேட்டு, ஆனா வந்து சேர்ந்துடுச்சு" என்றார். எனக்கே சந்தோஷமாக இருந்தது. அது பொய்யில்லை.

தவணை ஒன்று கட்டினேன். இன்னொன்றும் கட்டினேன். சுண்டெலி பழைய பையை அலசிக் காயவைத்து, அதில் எதையெல்லாம் வைக்கலாம் என்று தினமும் எடுத்து எடுத்து வைத்தாள். பெரியவரோ இரண்டாவது நாற்காலியைத் தாண்டிவிட்டார். இப்படியே போனால் முகாமுக்கு முன்பே எனக்கு பிஸ்கட் டப்பா வந்துவிடும். கட்டிய பணத்தைத் திருப்பித் தருவார்கள் என்று வையுங்கள். அப்போதும் அவள் மறுபடியும் அந்தக் குட்டி பெஞ்சில் உட்கார வேண்டும், மறுபடியும் அம்மை போட வேண்டும்.

அதனால் பட்டையிலிருந்து கையை எடுத்தேன். தள்ளவில்லை மேடம், எடுத்தேன், அவ்வளவுதான். கட்டிலுக்குப் பக்கத்தில்தான், மெத்தைமேல்தான் விழுந்தார். ஒரு கீறல் இல்லை. ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. காலில் தெம்பு வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும், பயம் வருவதற்கு ஒரு தடவை போதும். அதற்குப் பிறகு கட்டிலை விட்டு இறங்கவே தயங்கினார்.

"நீ விட்டுட்ட" என்றார்.

"இல்லீங்கய்யா, உங்க கால்தான் மடங்கிடுச்சு."

டிக்கெட் இல்லாதவரைப் பார்ப்பதுபோல என்னையே பார்த்தார். அன்று சாயங்காலம் மகனிடம் சொன்னார். மகன் கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைத் தடவிக்கொண்டே, "ஏம்ப்பா, இவங்களும் டிக்கெட் வாங்காமத்தான் வந்திருக்காங்களா?" என்று சிரித்தார். மருமகளிடம் நான் காலையிலேயே சொல்லிவைத்திருந்தேன். விழுந்து எழுந்தவர்களுக்குக் கூட இருப்பவர்மேல் சந்தேகம் வருவது சகஜம், அதுவும் நோயில் ஒரு பகுதிதான், அவரைக் கடிந்து பேசிவிடாதீர்கள் என்று. அந்தப் பெண்ணுக்கு முகமே சுண்டிப்போய்விட்டது. "மன்னிச்சுக்குங்கக்கா, நீங்க போயிடாதீங்க" என்றாள்.

பிறகு அது எளிதாகிவிட்டது. அவர் கொஞ்சம் தேறும்போதெல்லாம் ஒருமுறை கையை எடுப்பேன். அவர் புகார் சொல்வார். சொல்லச் சொல்ல வீட்டில் அவரைக் குழந்தையாக்கினார்கள். என் கையால் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார், நான்தான் பொறுமையாக ஸ்பூனில் புகட்டினேன். "பெத்த பொண்ணுகூட இப்படிப் பாக்காது" என்று மருமகள் யாரிடமோ போனில் சொன்னது என் காதில் விழுந்தது. உண்மைதானே. படுத்தே கிடந்தும் அவர் முதுகில் ஒரு புண் வரவிட்டேனா, கேட்டுப் பாருங்கள்.

பிசியோ தம்பிக்கு மட்டும் மூக்கில் வியர்த்தது. "படுத்துக்கிட்டு காலை நல்லாத் தூக்குறாரு. நின்னா மட்டும் ஏன் இப்படி நடுங்குறாரு?" என்றார்.

"பயம் தம்பி" என்றேன். அதிலும் பொய்யில்லை.

என் வீட்டிலும் ஒருத்திக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். சுண்டெலி தினமும், "தாத்தா நடந்துட்டாராம்மா?" என்று கேட்பாள். இல்லை என்றால் முதலில் எல்லாம் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும், பிள்ளைதானே. போகப் போக அது இல்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைத் தள்ளிவிட்டு, "நான் போகலைன்னாலும் பரவாயில்லம்மா. அவரை நடக்க வை" என்றாள். உளறாமல் சாப்பிடு என்று அதட்டினேன். அன்று அவளை அடிக்கவும் கை ஓங்கினேன். அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் என்னவோ செய்கிறது.

கடைசித் தவணை பாக்கி இருந்தது. அந்த மாதச் சம்பளம் வந்தால் முடிந்துவிடும்.

அன்று மதியம் மருமகள் வெளியே போயிருந்தாள். நான் பாத்ரூமில் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன். நடைவழியில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் பெரியவர் நிற்கிறார். பட்டை இல்லை, பக்கத்தில் யாரும் இல்லை. இரண்டாவது நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார். நான் வீட்டுக்குப் போன பிறகு தானே பழகியிருக்கிறார் போல. கால் நடுங்கவே இல்லை.

"சாயங்காலம் பையன் வரட்டும்" என்றார். "அவன் முன்னாடி கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போய்க் காட்டுறேன்."

நான் மூன்றாவது நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"நீ டீச்சர்கிட்ட போன்ல பேசுனதக் கேட்டேன். ஏன் என்னை விழ வைக்கிறன்னு அப்பத்தான் புரிஞ்சுது. இவ்வளவுதானா? என்கிட்டக் கேட்டிருக்கலாமேம்மா. உன் பொண்ணுக்கு மிச்சத்தை நான் கட்டிடுறேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். என்னை நடக்க விடு."

"நாங்க யார்கிட்டயும் கையேந்துனதில்லீங்கய்யா" என்றேன்.

"கையேந்தச் சொல்லல. தாத்தா குடுத்தாருன்னு சொல்லு" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை முன்னால் நீட்டி அடியெடுத்து வைத்தார். பேசித் தீர்த்தாகிவிட்டது என்று நினைத்துவிட்டார். அவர் என்னைச் சந்தேகப்படாத ஒரே நேரம் அதுதான். அவர் கை வந்து சேர்வதற்குள் நாற்காலியைப் பின்னால் இழுத்தேன்.

கொஞ்சம் அடிபடும், இன்னும் கொஞ்ச நாள் படுப்பார் என்றுதான் எண்ணினேன். பாத்ரூம் வாசற்படி விளிம்பில் தலை பட்டுவிட்டது. எனக்கும் திக்கென்றுதான் இருந்தது.

உயிர் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. கண் திறந்திருந்தது. மகனைக் கூப்பிடச் சொன்னார், வாய் குழறினாலும் எனக்குப் புரிந்தது, நோயாளிகள் பேச்சு எனக்குப் பழக்கம். "வந்துட்டே இருக்காங்கய்யா" என்றேன். போன் என் பையில்தான் இருந்தது. எடுத்தால் ஆம்புலன்ஸ் வந்துவிடும், அவர் பிழைத்துவிடுவார், பேசுவார். இந்தத் தடவை காயம் பெரிது, அவர் பேச்சை யாராவது நம்பிவிடலாம். அதனால் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலையை மடியில் வைத்துக்கொண்டேன். சாகும்போது யாரும் தனியாக இருக்கக் கூடாது மேடம், இந்த வேலையில் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான். மூச்சு அடங்கிய பிறகு நாற்காலியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு மருமகளுக்குப் போன் செய்து, தானாக எழுந்து நாற்காலியைப் பிடித்து நடக்கப் பார்த்து விழுந்துவிட்டார் என்றேன். உண்மையாகவே அழுதேன்.

அங்கேதான் தவறினேன். நாற்காலியின் முதுகை நடந்து வருபவரைப் பார்த்து வைக்காமல், சுவரோடு சேர்த்து உட்காருவதற்குப் போடுவதுபோல வைத்துவிட்டேன். துக்கம் கேட்க வந்த பிசியோ தம்பி அதைப் பார்த்தாராம். அந்த வீட்டில் அப்படிப் போட்ட நாற்காலியைப் பிடித்து யாரும் நடக்க முடியாது என்று உங்களிடம் சொன்னது அவர்தானே. இருக்கட்டும், அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகப் பார்க்கிறார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மகன் என்னைக் கூப்பிட்டு, அப்பாவை உங்கள் சொந்தத் தகப்பன்போலப் பார்த்துக்கொண்டீர்கள் என்று முழு மாதச் சம்பளமும் அதற்கு மேலும் கொடுத்தார். கண்ணீரோடு கொடுத்தார். பெரியவர் இறந்த நாள்வரைக்கும் உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவர் கையிலேயே வைத்துவிட்டேன். உழைக்காத நாளுக்கு எனக்கு எதற்கு. எடுத்துக்கொண்டதே கடைசித் தவணைக்குச் சரியாக இருந்தது.

சுண்டெலி இப்போது மலைமேல் இருக்கிறாள். பஸ் ஏறும்போது திரும்பிப் பார்க்கவே இல்லை, சந்தோஷத்தில்தான் இருக்கும். நீங்கள் எழுதியதைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான்தான் நாற்காலியை இழுத்தேன், நான்தான் சாகும்வரை காத்திருந்தேன், எல்லாவற்றையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் அவளிடமும் சொல்லத்தான் போகிறீர்கள், சொல்லுங்கள். ஆனால் அவள் போய்வந்தது யாரோ போட்ட பிச்சையில் என்று மட்டும் அவள் நினைத்துவிடக் கூடாது, மேடம். அது அவள் அம்மா நேர்மையாக உழைத்த காசு.