கட்டாயக் கேள்வி

ராஜபாளையத்தில் பஸ் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"நாய்க்குட்டிய ஆன்லைன்ல சேலை சட்டை வாங்குற மாதிரி கார்ட்டுல போட வச்சிட்டியேட்டி," என்றார் கணவர்.

அந்தப் பெண் செல்போனில் தங்கள் நாய்ப்பண்ணை வெப்சைட்டைத் திறந்தார். "இதுல விக்கிறதுக்குன்னு இருக்குற கடை மாட்யூல ஆன் பண்ணுனேன். கார்ட்டும் கூடவே வந்துட்டு. யாரோ ரெண்டு குட்டிக்கு ஆர்டர் போட்டுட்டாரு."

"ஆளப் பாத்துப் பேசாம நாம குட்டி குடுத்ததே இல்லையே."

"அத ஆஃப் பண்ணிட்டேன். குட்டி வேணும்ங்கிறவங்ககிட்ட கேள்வி கேக்குற மாட்யூல் ஒண்ணு இருக்கு. என்ன கேக்க?"

"பகல்ல குட்டி கூட வீட்டுல யாரு இருப்பான்னு கேளு. பதில் போடாம அனுப்ப வுடாத."

அதைக் கட்டாயக் கேள்வியாக்கிவிட்டு, சரியாக வருகிறதா என்று அந்தப் பெண் தானே நிரப்பிப் பார்த்தார். அந்தக் கேள்வியில் விரல் நின்றது.

"ஏங்க, இப்ப நம்ம குட்டிக கூட யாரு இருக்கா?"

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் கணவர் ராஜபாளையம் திரும்பும் பஸ்ஸைத் தேடினார்.