நாலு படம், ஆளுக்கு நாலு வரி

எழிலரசி: யோவ், சிரிக்காம சொல்லு. மொத வாரம் பாத்தோமே, லாரி டிரைவர் படம்... அதுக்கு இன்னா எழுதட்டும்?

வேம்புலி: லாரி நல்லா ஓட்னான்னு எழுது.

எழிலரசி: ஆங்... உம் பொண்ணு ஹாஸ்டல்லேர்ந்து கேக்குது. இந்த மாசம் பாத்த நாலு படத்துக்கும் ஆளுக்கு நாலு வரி அனுப்பணுமாம்.

வேம்புலி: வர்ஷா பொண்ணா, வாத்தியாரா?

எழிலரசி: என்னுது முடிஞ்சிச்சி. கடைசில அவன் அழுவாம நின்னது புட்ச்சிதுன்னு எழுதிட்டேன். அழுவாத ஆம்பளைங்கள பாத்தா எனக்கு பயமா கீதுன்னும் எழுதிட்டேன்.

வேம்புலி: என்னியவா சொல்ற?

எழிலரசி: நீதான் பேய்ப் படத்துக்கே அழுதியே!

வேம்புலி: அது... பாப்கார்ன்ல மொளகாப்பொடி.

எழிலரசி: பாப்கார்ன நீ எங்க துன்ன?

வேம்புலி: நீ மட்டும் துன்னியா? இண்டர்வெல்ல இருக்கறதுலயே நீள க்யூவா பாத்து நிக்க வெப்ப. கூடவே நின்னு கத பேசுவ. வாங்குனா தொட மாட்ட.

எழிலரசி: பேச்ச மாத்தாத. லாரி படம்... சொல்லு.

வேம்புலி: அதான்... உங்கூட வேல செஞ்ச ஜமீலா அக்கா வேலய உட்டு நின்னுட்ச்சே... மத்தியானம் தனியா சோத்து டப்பா தொறக்கவே புடிக்கலன்னு...

எழிலரசி: இது எங்கய்யா படத்துல வந்துச்சி?

வேம்புலி: வர்ல?

எழிலரசி: நான் இண்டர்வெல்ல சொன்னது அது! சரி, பேய்ப் படம்?

வேம்புலி: உன் முட்டி வலி. அண்ணனூர் ஸ்டேஷன் படி ஏறச்சொல்ல நோவுதுன்ன.

எழிலரசி: கோர்ட்டு படம்?

வேம்புலி: வர்ஷா கட்டில்ல ஒருநாள் போய் படுத்துகினேன்னு...

எழிலரசி: நாலாவது படம்?

வேம்புலி: போன வாரம் நீ ஒண்ணும் சொல்லல. கைய மட்டும் புட்ச்சிகின.

எழிலரசி: அடப்பாவி... ஒரு படங்கூட பாக்கலியா நீ?

வேம்புலி: பாத்தேன். மனசுல நிக்கல.

எழிலரசி: அப்ப நல்லதாப் போச்சி. நம்ம டிவிலயே புதுப்படம் வர்ற மாரி வர்ஷா போட்டு உட்ருக்குது. இனிமே ஆவடி தேட்டருக்கு அலைய வேணாமாம். இந்த ஞாயித்துக்கெழம ஊட்லயே...

வேம்புலி: வேணாம்.

எழிலரசி: ஏன், காலு நீட்டிகினு பாக்கலாமே?

வேம்புலி: வேணாம்னா உடேன்.

எழிலரசி: காரணத்த சொல்லு மொத.

வேம்புலி: ஊட்ல இண்டர்வெல் வராது, எழிலு... வாரம் பூரா நீ வேல முடிஞ்சி உள்ள வரச்சொல்ல நான் ஷிப்ட்டுக்கு கெளம்பிடறேன். நாம பேசிக்கறதே அந்தப் பத்து நிமிசந்தான்...

எழிலரசி: எனக்கு பாப்கார்னே புடிக்காதுய்யா. நீள க்யூல நின்னா மணி அடிச்சப்புறமும் ரெண்டு நிமிசம் சேத்து கெடைக்கும்னுதான்...