பின்பக்கத் துளை

மைக்கில் சத்தம் வரவில்லை என்றால் பத்தில் எட்டுப் பேர் ஒயரைத்தான் ஆட்டிப் பார்ப்பார்கள். அது வேண்டாத வேலை, ஐயா. மைக்கை முன்னால் செருகியிருப்போம். கணினியோ பின்பக்கத்துக் காலித் துளையைக் கேட்டுக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் போய் மாற்றினால் அரை நிமிடத்தில் சரியாகிவிடும். என் கணினி ரிப்பேர்க் கடைக்கு வருகிறவர்களுக்கு இதை நான் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுப்பேன்.

என் வீட்டுக் கணினியை மட்டும் ஏழு வாரம் பின்பக்கத் துளையிலேயே வைத்திருந்தேன்.

காரணம் சொல்கிறேன். இனி என்னோடு வாழ முடியாது என்று என் மனைவி பையோடு கிளம்பினாள். மாடிப்படியின் உச்சியில் பையைப் பிடித்து இழுத்தேன். பையைத்தான் இழுத்தேன். அவள் விழுந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இரண்டு கையிலும் கட்டு. மருத்துவமனையில் கால் தவறியது என்றே சொன்னாள். வீட்டுக்கு வந்த பிறகுதான், அண்ணனிடம் மட்டும் உண்மையைச் சொல்லப் போவதாக என்னிடம் சொன்னாள்.

அவளுக்கு உறவென்று இருந்தது அந்த அண்ணன் ஒருவர்தான். கப்பலில் எஞ்சினியர். நடுக்கடலிலிருந்து ஃபோன் கிடையாது. ஞாயிறு காலை பத்து மணிக்குக் கப்பலின் இணையத்தில் வந்து, கணினியில் முகம் பார்த்துப் பேசுவார்.

முதல் ஞாயிறு அவள், "அண்ணா, நான் தானா விழல. என்னை வந்து கூட்டிட்டுப் போ" என்றாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

"மாப்பிள்ளை, அவ வாய் அசையுது, சத்தமே வரலியே. ஊருக்கெல்லாம் சரி பண்றீங்க, சொந்த வீட்டு மைக்கை விட்டுட்டீங்களே" என்று மச்சான் சிரித்தார்.

நானும் சிரித்தேன். மைக் பழசு என்றும், அவரைப் பார்த்த சந்தோஷத்தில் அவள் அழுகிறாள் என்றும் தட்டச்சு செய்தேன். திரையில் அதை அவளும் படித்தாள். பிறகு அண்ணனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் என்னை விடவில்லை.

மச்சான் ஆன்லைனில் புது மைக் வாங்கி அனுப்பிவைத்தார். அவர் கண்ணெதிரே செருகினேன். ஒலியைக் கூட்டினேன், குறைத்தேன், கணினியை அணைத்துப் போட்டேன். பாவம், பதற்றப்படாமல் பார்க்கச் சொன்னார். அவள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். கழுத்துவலி என்று தட்டச்சு செய்தேன்.

ஆறாவது வாரம், படுத்தே கிடந்ததில் வந்த முதுகுப் புண்ணில் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டது. மருத்துவரை அழைத்தால் அவரிடம் பேசிவிடுவாள். அழைக்கவில்லை. கோபம் ஆறினால் என்னோடு இருந்துவிடுவாள் என்று நம்பினேன். அவள் இல்லாமல் என்னால் இருக்க முடியாது, ஐயா.

ஏழாவது ஞாயிறு, இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, "அண்ணா, டாக்டரை வரச் சொல்லு. செத்துடுவேன்" என்றாள். என்ன சொல்கிறாள் என்று மச்சான் கேட்டார். சீக்கிரம் வரச் சொல்கிறாள் என்று தட்டச்சு செய்தேன். அது முழுப் பொய்கூட இல்லை.

செவ்வாய் மதியம் இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் மச்சான் வந்து சேர்ந்தார். அவளுடைய கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தவர், கணினி முன்னால் உட்கார்ந்து செட்டிங்ஸைத் திறந்தார். ஒரே ஒரு இடத்தை மாற்றிவிட்டு, "தங்கச்சி" என்றார். திரையில் மைக்கின் ஒலியைக் காட்டும் பச்சைக் கோடு துள்ளி எழுந்தது. எழுந்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டார்.

நீங்கள் வரும்வரை அந்த அறையில் தனியாக இருந்தேன். யாரும் பேசவில்லை. ஆனாலும் கோடு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மின்விசிறியின் இரைச்சல் என்று நினைத்து அதை நிறுத்தினேன். அப்போதும் ஏறியது. மைக்கைப் பிடுங்கிப் போட்டேன்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஏழு வாரம் அவள் பேசியதை ஒருவரும் கேட்கவில்லை என்று மச்சான் எழுதிக்கொடுத்திருக்கிறாராம். அதை மட்டும் திருத்திவிடுங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.